அடையாளத்துக்கு இரண்டு வரி

நன்றி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் பேசினால் போதுமாம். மனநோயோடு வாழ்கிறவர்கள் கூடிப் பேசும் செவ்வாய்க்கிழமை வட்டம் கிறிஸ்தவ சபை ஒன்றின் கூடத்தில் நடக்கத் தொடங்கிப் பத்து வருடம் நிறைகிறது, மனநல அமைப்பும் சபையும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நன்றிக் கூட்டம் வைக்கிறோம், வட்டத்துக்கு வருகிறவர்களின் வீட்டிலிருந்து ஒருத்தர் பேசினால் நன்றாக இருக்கும், உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று கண்ணாடியம்மா கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்ன வாயை ஊசி நூல் எடுத்துத் தைக்க வேண்டும். அந்த வட்டத்தைப் பாதி காலி பண்ணினவளே நான்தான் என்பது அன்றைக்கு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

கண்ணாடியம்மாதான் அமைப்பின் சார்பில் வட்டத்தை நடத்துகிறவர். கண்ணாடி கழுத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். அவரோ மேஜை மேஜையாக அதைத் தேடிக்கொண்டிருப்பார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷி. நான் அதற்கு நேர் எதிர். எனக்குக் கல்யாணம் ஆகாததற்குத் தம்பியின் நோய் காரணமில்லை, என் நாக்குதான் காரணம் என்று எங்கள் சித்தி சொல்வாள். சித்தி சொல்வதில் பாதி வம்பு, பாதி உண்மை. இது எந்தப் பாதி என்று நான் ஆராய்ந்ததில்லை.

என் தம்பி லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிப்ட் குழிக்குள் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் தன்னைப் பற்றிப் பேசுவது அவனுக்குக் கேட்டது. அன்றிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருந்தது. தெருவில், பேருந்தில், அடுத்த வீட்டு ஜன்னலில், எல்லா இடத்திலும் பேச்சு. யாரும் பேசவில்லை, இது நோய் என்று டாக்டர் சொன்னார். யாரும் பேசவில்லைடா என்று நானும் சொன்னேன். அதை அவன் நம்பப் பல வருடம் பிடித்தது. நான் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை உருளை இயந்திரத்துக்குள் கொடுத்து அந்தப் பக்கம் மடித்து வாங்கும் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடி விரிப்போடு விரிப்பாக நான் யோசித்தது ஒன்றைத்தான்: எனக்குப் பிறகு இவனுக்கு யார்?

அமைப்பின் அலுவலகம் அப்போது ஐந்தாவது மாடியில் இருந்தது, படிக்கட்டைப் பூட்டி வைத்துவிட்டு லிப்டில்தான் ஏறவிடுவார்கள். லிப்டைக் கண்டாலே வேர்க்கிறவனை அங்கே எப்படிக் கூட்டிப் போவது? அவனைப் போல ஏறமாட்டாதவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அமைப்பிடம் ஆள் இருந்தது, இடமில்லை. பக்கத்துத் தெருச் சபையிடம் தரையோடு தரையாக ஒரு கூடம் இருந்தது, வாரநாளில் அங்கே ஈ காக்கை கிடையாது. கண்ணாடியம்மா போய்க் கேட்டார். பாஸ்டர் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு தாளில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். வட்டத்தில் சபை பிரசங்கம் செய்யாது. வட்டத்து ஆட்களைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை பேசாது. அந்தத் தாளைக் கோப்பைகள் வைக்கும் அலமாரியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தார்கள்.

தம்பி முதல் ஆறு மாதம் வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். பிறகு வட்டத்துக்குள் வந்தான். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் தேவையில்லை. அவனுக்கு லிப்ட் என்றே பெயர். இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் லிப்ட் என்று கேட்டால், மூன்றாவது மாடி என்பானாம். மோசமான நாளில், ரெண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கிட்டேன் என்பானாம். தான் சொன்னதை மட்டும் வீட்டில் வந்து சொல்வான். மற்றவர்கள் சொன்னதைப் பற்றி மூச்சு விடமாட்டான். அங்கே பேசினது அங்கேயே, அக்கா என்பான். நானும் தோண்டித் துருவிப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் பெயராது.

நாலு வருடம் போனபின் ஆணி, திருகு, பூட்டு விற்கிற கடை ஒன்றில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைத்தது. பின்னால் உள்ள ஸ்டோரில் சரக்கைப் பிரித்து அடுக்க வேண்டும். அவன் நோய் அங்கே யாருக்கும் தெரியாது. ஒருநாள் விரல் நுனியெல்லாம் எண்ணெயும் கறுப்புமாக வந்து, "அங்க நான் வெறும் ஸ்டோர்காரன்க்கா" என்றான். அதைச் சொன்னபோது அவன் முகம் இருந்த இருப்பை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

இத்தனை செய்தவர்களுக்கு நான் என்ன செய்வது? நன்றி என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார எனக்குத் தெரியாது. சபையின் மேஜை விரிப்புகளையும் திரைச்சீலைகளையும் நானே வாங்கிப் போய்த் துவைத்து, இஸ்திரி போட்டுச் சனிக்கிழமைதோறும் கொண்டுவந்து அந்தக் கோப்பை அலமாரியில் அடுக்கினேன். எங்களுக்கும் அந்தச் சபைக்கும் அதுவரை ஒட்டுமில்லை உறவுமில்லை. விரிப்பு கொடுக்கப் போனவள் ஞாயிற்றுக்கிழமையும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன்.

அங்கே ஜெபக் குறிப்பு வாசிப்பார்கள். வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டால், ஞாயிற்றுக்கிழமை சபை மூப்பர் ஒருவர் எடுத்துச் சத்தமாக வாசிப்பார். ஒருத்தருக்கு முழங்கால் வலி, ஒருத்தர் பையனுக்குப் பரீட்சை, ஒருத்தி மகளுக்குப் பிரசவம். ஒவ்வொன்றுக்கும் இருநூறு பேர் சேர்ந்து ஆமென் சொல்வார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. முழங்கால் வலிக்கெல்லாம் இருநூறு வாய் இருக்கும்போது என் தம்பிக்கு ஒரே ஒரு வாய்தான் இருந்தது, அதுவும் என் வாய்.

ஒரு சனிக்கிழமை கூடத்தில் யாருமில்லை. விரிப்புகளை அடுக்கிவிட்டுத் திரும்பினால் பெட்டி, பக்கத்தில் சீட்டு, நூலில் கட்டிய பென்சில். எழுதினேன். தம்பியின் பெயரை எழுதி, மனநோயிலிருந்து முழுவதுமாகக் குணமாக வேண்டும் என்று எழுதினேன். அப்புறம் ஒரு சந்தேகம். அந்தச் சபையில் அவன் பெயரிலேயே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவன் பாடகர் குழுவில் முன்வரிசை. கொடுப்பதை ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டால்? எங்களுக்குக் கடவுளிடமும் முன்பழக்கம் கிடையாது. ஆகவே அடையாளத்துக்கு இரண்டு வரி சேர்த்தேன்: செவ்வாய்க்கிழமை வட்டத்துக்கு வருகிறவர். ஆணிக்கடை ஸ்டோரில் வேலை பார்க்கிறவர்.

சத்தமாக வாசிப்பார்கள் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அலமாரிக் கதவில் ஒட்டிய தாளைப் படித்ததில்லையா? வாரா வாரம் படித்திருக்கிறேன். அது அமைப்புக்கும் சபைக்கும் உள்ள பேச்சு, எனக்கென்ன வந்தது என்று நினைத்தேன். நான் அவன் அக்கா இல்லையா?

அந்த ஞாயிறு பாஸ்டர் ஊரில் இல்லை. குறிப்பு வாசித்த மூப்பர் கோப்பை அலமாரியைத் திறந்தே பார்க்காதவர். நல்ல குரல் அவருக்கு. மற்றச் சீட்டுகளை விட இதைக் கொஞ்சம் உருகியே வாசித்தார், பெயர், நோய், வட்டம், கடை எல்லாம். இருநூறு பேர் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தம்பியோடு உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். என்னக்கா இன்னிக்கு ஒரே சிரிப்பு என்று அவன் கேட்டான். நான் சொல்லவில்லை.

கடை முதலாளி அந்தச் சபையில் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவர் என்று எனக்குத் தெரியாது. அவரும் நல்லவர்தான். இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருத்தரும் கிடையாது, தேடாதீர்கள். திங்கட்கிழமை காலை தம்பியின் தோளில் கை வைத்து, நேற்று சபையே உனக்காக ஜெபம் பண்ணியது என்று சொல்லியிருக்கிறார். விஷயம் கடை முழுக்கப் பரவியது. பெட்டி அறுக்கிற கத்தியை ஒருத்தன் பக்குவமாக அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். ஏணியில் ஏற வேண்டாம், நீ உட்கார் என்றான் இன்னொருத்தன். காலை பதினோரு மணிக்குத் தம்பி வீட்டுக்கு வந்து அறைக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

வேலை முடிந்து வந்து நான் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து நிதானமாகப் பேசினான். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பேசுறாங்க பேசுறாங்கன்னு பதினோரு வருஷமா சொன்னேன். யாரும் பேசல, அது நோய்னு சொன்னீங்க. நேத்து இருநூறு பேர் பேசியிருக்காங்கக்கா."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. எதற்கும் அடங்காத என் நாக்கு அன்றைக்குப் பார்த்து அடங்கிப்போனது. அதோடு நிற்கவும் இல்லை. "யாருடா எழுதியிருப்பா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டது நான்தான்.

அடுத்த ஆறு வாரம் அவன் வெளியே வரவில்லை. நான் வேலைக்குப் போன நேரம் பார்த்துக் குளித்துக்கொள்வான். காலையில் இரண்டு மாத்திரை, சாயங்காலம் ஒன்று. கதவைக் கையளவு திறந்து, என் உள்ளங்கையிலிருந்து எடுத்துக்கொள்வான். வேறு யார் கொடுத்தாலும் வாங்கமாட்டான். அவனுக்கும் உலகத்துக்கும் நடுவே மிச்சமிருந்தது அந்தக் கையளவு இடைவெளிதான். உண்மையைச் சொன்னால் அதுவும் மூடிவிடும், மாத்திரை நின்றுவிடும், பழையபடி ஆஸ்பத்திரி, கட்டில் கம்பி, எல்லாம் திரும்பிவரும் என்று கணக்குப் போட்டேன். கோழைக்குக் காரணமா கிடைக்காது? எனக்குக் கிடைத்த காரணம் கொஞ்சம் உசத்தி.

பாஸ்டர் திரும்பி வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கதவுக்கு வெளியே நின்று, ஒப்பந்தத்தை என் சபை மீறிவிட்டது, பொறுப்பு என்னுடையது என்றார். மூப்பர் வந்து அழுதார். ஒவ்வொரு செவ்வாயும் வட்டம் முடிந்ததும் கண்ணாடியம்மா வந்து தரையில் உட்கார்ந்துகொள்வார். எங்கள் பக்கம் எங்கேயோ கசிந்திருக்கிறது, நான் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்பார். நான் மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். என் குற்றத்தை ஆளுக்குக் கொஞ்சமாக அவர்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள், நான் சர்க்கரை போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சீட்டுகளை வாசித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடுவது வழக்கமாம், அதனால் கையெழுத்தைப் பார்க்க வழியில்லை. ஆனால் அந்த இரண்டு வரியும் வாசித்தவர் நினைவில் இருந்தன. வட்டமும் தெரியும், கடையும் தெரியும் என்றால் எழுதியவர் யார்? வட்டத்து ஆள்தானே? அக்கா எழுதியிருப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. அக்காவாக இருந்தால் தம்பி என்று எழுதியிருப்பாளே. வட்டத்தில் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கும் பார்வை மாறிப்போனது. பதினொரு பேர் வந்த இடத்தில் நாலு பேர் வந்தார்கள். இனி சபைக் கூடம் வேண்டாம், வேறு இடம் பாருங்கள் என்று அமைப்பின் தலைமையிலிருந்து கடிதம் வந்தது. நன்றிக் கூட்டம் முன்பே முடிவு பண்ணியதால் மட்டும்தான் நடக்கப்போகிறது என்று கண்ணாடியம்மா சொன்னார். கல்யாண வீட்டிலேயே கருமாதிக்கும் சேர்த்துப் பந்தல் போட்ட மாதிரி.

தம்பி உள்ளேயே உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். எழுதினது டிரைவர். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், வட்டத்தில் தம்பிக்குப் பக்கத்து நாற்காலி. அவனுக்கு இருந்த ஒரே சிநேகிதர் அவர்தான். வட்டத்து ஆட்களில் ஞாயிற்றுக்கிழமை சபைக்கும் போகிறவர் அவர் ஒருத்தர்தான். கணக்குச் சரியாக இருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தக் கணக்கை அவனோடு சேர்ந்து நானும் போட்டேன். அவராத்தான் இருக்குமோ என்று ஒரு தடவை சொல்லவும் சொன்னேன்.

நாலாவது வாரம் டிரைவரே வந்தார். பெரிய உடம்பு அவருக்கு; எங்கள் படிக்கட்டில் திருப்பத்துக்குத் திருப்பம் நின்று மூச்சு வாங்கி ஏறி வருவது கேட்டது. நான் வாசலைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். கேட்கக்கூடாது என்றுதான் திறந்தேன். ஆனாலும் கேட்டது. நான் எழுதல தம்பி, என் பேரப்பிள்ளை மேல சத்தியமா எழுதல என்றார். உள்ளேயிருந்து தம்பி, போங்க, இனிமே யார்கிட்டயும் எதையும் சொல்லமாட்டேன் என்றான். டிரைவர் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. நான் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, கண்ணாடியம்மா சலவைக்கூடத்துக்கே வந்தார். பின்வாசலில் அழுக்கு விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே நின்று, காலை பத்து மணிக்குக் கூட்டம், நீங்கள் பாஸ்டருக்கு அடுத்துப் பேசுகிறீர்கள் என்றார். போகத் திரும்பினவர் போகவில்லை. டிரைவரின் வீட்டம்மா உங்களிடம் ஒரு விஷயம் சொல்லச் சொன்னார்கள், இல்லாவிட்டால் சொல்லியிருக்கமாட்டேன் என்றார்.

"டிரைவரை வார்டுல சேத்திருக்கு. நாலு வருஷமா வார்டு பக்கமே போகாம இருந்தவர். சாப்பிடறதே இல்ல. நான்தான் எழுதியிருப்பேன் போல, எனக்குத்தான் ஞாபகம் இல்லன்னு சொல்லிக்கிட்டே இருக்காராம். உங்க தம்பி கோபத்தை விட்டு ஒரு தடவை வந்து பாத்தா போதும்னு அந்த அம்மா கேக்கறாங்க."

அவர் போனபின் நான் இயந்திரத்துக்குத் திரும்பினேன். விரிப்பைக் கொடுத்தேன், வாங்கினேன், மடித்தேன். எழுதாத சீட்டை ஒரு மனிதர் எழுதியதாக நம்ப ஆரம்பித்துவிட்டார். என் தம்பிக்கு நான் செய்தது ஒரு பாவம் என்றால், இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மடித்த விரிப்புகளில் பாதி கோணல் என்று மேஸ்திரி திட்டினார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தம்பியின் கதவோரம் தரையில் உட்கார்ந்தேன்.

"டிரைவர் எழுதல. நான் எழுதினேன்" என்றேன்.

தாழ்ப்பாள் விலகியது. ஆறு வாரத்தில் முதல் தடவையாகக் கதவு முழுசாகத் திறந்தது. தாடி முகத்தை மூடியிருந்தது. கட்டில் மேல் போர்வை ஒழுங்காக மடித்திருந்தது. அதை ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

அவரைக் காப்பாத்தப் பொய் சொல்றியா என்று கேட்டான். நான் சீட்டில் எழுதியதை எழுத்து மாறாமல் ஒப்பித்தேன். அந்த இரண்டு வரி வந்ததும் நிறுத்தச் சொன்னான். கடையை எதற்கு எழுதினாய் என்றான். சாமிக்கு ஆள் அடையாளம் தெரியட்டும் என்று எழுதினேன் என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க வைக்காதே என்றுதான் இப்போது நான் யாரிடமாவது வேண்டிக்கொள்கிறேன், சீட்டில் எழுதுவதில்லை.

"டிரைவர் இங்க வந்து நின்னாரே, அப்ப நீ எங்க இருந்தே?"

"சமையலறையில."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவன் கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டான். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"எழுதினதுக்கு உன்மேல கோபம் இல்லக்கா. நீ அப்படித்தான், அவசரக் குடுக்கை. ஆனா ஆறு வாரமா இங்கயே உக்காந்து, யாரா இருக்கும்னு என்கூட சேந்து தேடினியே. அத எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அவன் கையை நீட்டினான். மத்தியானத்தில் மாத்திரை கிடையாதே என்று நான் முழித்தேன்.

"டப்பாவோட குடு. இனிமே நானே போட்டுக்கறேன்."

கொடுத்தேன். எத்தனை மணிக்கு எது என்று சொல்ல வாயெடுத்தேன், அவனுக்கே தெரிந்திருந்தது. குளித்துச் சட்டை மாற்றி, டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, டிரைவர் எந்த வார்டு என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியிறங்கினான். வெளியே நல்ல வெயில். வாசலில் ஒரு நிமிடம் கண்ணைக் கூசிக்கொண்டு நின்றான், அப்புறம் நடந்தான். பின்னால் போக என் கால் துடித்தது. போகவில்லை. கண்ணாடியம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் அங்கே போகிறேன், நீங்கள் வீட்டில் இருங்கள் என்றார். அந்த 'நீங்கள்' என்பதில் புதிதாக ஒரு தூரம் இருந்தது, அல்லது எனக்கு அப்படிப் பட்டது.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். தம்பி வார்டில் டிரைவர் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறான், நீங்கள் எழுதவில்லை, என் அக்கா எழுதினாள் என்று மூன்று தடவை சொன்னபிறகுதான் டிரைவர் நம்பினார், அரை இட்டலி அளவுக்காவது சாப்பிட்டார் என்றார். பாஸ்டரும் வந்திருக்கிறார். தம்பி இன்றைக்கு வீட்டுக்கு வரப் பிரியப்படவில்லை. சபைக் கூடத்து மாடியில் ஒரு அறை இருக்கிறது, அங்கே படுத்துக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் போனேன். போகாமல் இருக்கலாம் என்று கண்ணாடியம்மா சொல்லியிருந்தார். பாஸ்டர் பேசி முடித்ததும் எழுந்து முன்னால் நின்றேன். எழுதி வைத்திருந்த தாளைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. சீட்டை எழுதியது யார், ஏன் எழுதினேன், எத்தனை வாரம் மறைத்தேன், அதற்கு யார் வார்டில் கிடக்கிறார் என்று சொன்னேன். ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடம்தான் ஆனது. அப்புறம் நன்றி சொன்னேன். ஒருத்தர் ஆளைக் கொடுத்தீர்கள், ஒருத்தர் இடத்தைக் கொடுத்தீர்கள், பத்து வருடம் உங்கள் இரண்டு பேரில் யாரும் தப்பு செய்யவில்லை, என்னை வைத்து இந்தக் கூடத்தை விட்டுவிடாதீர்கள் என்றேன். கை தட்டலாமா, ஆமென் சொல்லலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. மூப்பர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். கடைசி வரிசையில் வட்டத்து ஆட்களோடு தாடி எடுத்த முகத்தோடு தம்பி உட்கார்ந்திருந்தான். நான் பேசி முடிக்கும்வரை முன்னால் இருந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் கலைந்தபின் கண்ணாடியம்மாவும் பாஸ்டரும் என்னை அலமாரி இருக்கும் சின்ன அறைக்குக் கூட்டிப்போனார்கள். மாடியில் இரண்டு அறைகளைச் சபை கொடுத்துவிடப் போகிறது. அமைப்பின் ஆள் ஒருவர் தினமும் வந்து பார்ப்பார். கசிந்தது வட்டத்திலிருந்து இல்லை என்று தெரிந்ததும் நேற்று ராத்திரியே தலைமையும் போனில் சம்மதித்துவிட்டது, வட்டமும் இங்கேயேதான் நடக்கும். அங்கே தங்கப்போகும் முதல் ஆள் என் தம்பி. வார்டிலிருந்து வந்ததும் டிரைவரும் சில வாரம் பக்கத்து அறையில் இருப்பார். அவனேதான் கேட்டானாம். வீட்டில் ஒருத்தர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள்.

எனக்குப் பிறகு இவனுக்கு யார் என்று பதினோரு வருடம் விரிப்பு விரிப்பாகக் கேட்டவள் நான். இதைவிட நல்ல பதில் கிடைக்காது. ஆனால் அது எனக்குப் பிறகு வரவில்லை, நான் உயிரோடு நிற்கும்போதே வந்துவிட்டது.

படிவத்தின் தலையில் அமைப்பின் பெயரும் சபையின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தம்பி தன் கையாலேயே நிரப்பியிருந்தான். அதை என்னிடம் நீட்டும்போது கண்ணாடியம்மா ஒரு வரியின் மேல் கட்டைவிரலை வைத்துப் பிடித்துக்கொண்டார். பாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். கையெழுத்துப் போடப் படிவத்தை மேஜைமேல் வைத்தபோது விரல் விலகியது. அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டிய உறவினர் என்று கேட்டிருந்த இடம் அது. பதினோரு வருடமாக எல்லா ஆஸ்பத்திரிப் படிவத்திலும் என் பெயர் இருந்த இடம். யாரும் இல்லை என்று எழுதியிருந்தான்.

கீழே கையெழுத்துப் போட்டேன். அதன் பக்கத்தில் உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பவா வேண்டாமா என்று கண்ணாடியம்மாவைக் கேட்டேன். நிரப்புங்கள் என்றார். அக்கா என்று எழுதினேன். வெளியே அவன் மற்றவர்களோடு சேர்ந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பாஸ்டருக்கும் கண்ணாடியம்மாவுக்கும் நன்றி சொன்னேன், இந்தத் தடவை ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துக்கொண்டு, மனசார.